கடைசியாகச் சாப்பிட்டது பிரியாணி

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சீதாராமன் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசித்தார். பெரிதாக ஒன்றும் ஆகாது... வேலைதான் போகும்!

எடுத்தார்.

"ஸார்... கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு மர்டர்!"

சப்-இன்ஸ்பெக்டர் ஷ்யாம். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பையன். பேசும் தமிழில் பாதிக்குப் பாதி பெங்காலி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நம்ம ஊர் லோக்தான் ஸார், தமிழ் ஆளு. வெங்கடநாராயணன்னு பேரு. கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ் வெச்சிருந்தார். தலையில பலமான அடி... ஸ்பாட் அவுட்!"

"எத்தனாவது மாடி?"

"மூணாவது ஸார்."

"லிஃப்ட்?"

"நேய் ஸார்... இல்லை."

"கொலை பண்றவனுக்குக் கொஞ்சம்கூட மனசாட்சி கிடையாதுய்யா!"

மூன்று மாடி ஏறி முடித்தபோது சீதாராமனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் கொடுத்தன.

சின்ன ஆபீஸ். மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார் வெங்கடநாராயணன். குண்டு மனிதர். நாற்காலியின் கைப்பிடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே செத்திருந்தார். காலடியில் ஓர் இரும்பு எடைக்கல். காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தது. அதை யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

மூலையில் ஒரு பெண்மணி. மடியில் சாப்பாட்டு டப்பா. அழுது அழுது ஓய்ந்த முகம்.

"யாருய்யா?"

"வைஃப் ஸார். விஜயலக்ஷ்மி." ஷ்யாம் குரலைத் தாழ்த்தினான். "இந்த மாமிதான் ஸார் பண்ணியிருக்காங்க!"

"அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டியா? எனக்கு இன்னும் மூச்சே வாங்கி முடியலை..."

"கேளுங்க ஸார். காலைல இவரும் பார்ட்னர் மஹாதேவனும் ஒண்ணா வந்திருக்காங்க. மஹாதேவன் கொஞ்ச நேரத்துல துறைமுகத்து டாக்குக்குப் போயிட்டார். அப்புறம் அங்கேயேதான் இருந்திருக்கார். கூலி ஆளுங்க, லாரிக்காரங்க எல்லாரும் சாட்சி. ஒண்ணரைக்கு மாமி வந்தாங்க... உடனே கத்தல்! நடுவுல வேற யாருமே மேலே போகலைன்னு வாட்ச்மேன் அடிச்சு சொல்றான்."

"பார்ட்னர் கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுத் தள்ளிட்டுப் போயிருக்கலாமே?"

"முடியாது! ஒரு மணிக்கு இவர் உயிரோட இருந்தார். ப்ரூஃப் இருக்கு!"

இறந்தவரின் போனை நீட்டினான் ஷ்யாம்.

"உடம்பு இளைக்கிறதுக்கு ஒரு ஆப் ஸார். எதைச் சாப்பிட்டாலும் இதுல எழுதணும். நேரா டயட்டீஷியனுக்குப் போயிடும்."

"தெரியும்..." சீதாராமனின் குரலில் வலி இருந்தது.

அதே மாதிரி ஒன்றை அவர் மனைவி மாதங்கி அவர் போனிலும் ஏற்றியிருந்தாள். இன்று காலை ஆபீஸ் வாசலில் நாலு கச்சோரியும் இரண்டு ஜிலேபியும் சாப்பிட்டார். ஓட்ஸ் கஞ்சி என்று எழுதினார். கை கூசவே இல்லை.

ஷ்யாம் படித்தான்.

"மத்தியானம் ஒரு மணி. 'மட்டன் பிரியாணி ஒரு பிளேட். உள்ளே உருளைக்கிழங்கு, முட்டை. அப்புறம் மிஷ்டி தோய்.' அதான் ஸார், இனிப்புத் தயிர். ஆச்சாரமான குடும்பம் ஸார்! மாமி டப்பாவோட உள்ளே வர்றாங்க... புருஷன் எலும்பு கடிச்சிட்டிருக்கார்... கோபம்... எடைக்கல்... டமார்! தட்டை ஜன்னல் வழியா விட்டெறிஞ்சிருப்பாங்க. அரெஸ்ட் பண்ணிடலாமா?"

சீதாராமன் பெருமூச்சு விட்டார். விஜயலக்ஷ்மியின் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்காரக் கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

"மாமி... ஸார் மத்தியானம் என்ன சாப்பிடுவார்?"

"சுரைக்காய்க் கூட்டும் ரெண்டு சப்பாத்தியும். ரெண்டு வருஷமா இதேதான் கட்டித் தரேன். எண்ணெய் கிடையாது, உப்பு பேருக்குத்தான். இன்னிக்கு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டார். பசியோட இருப்பாரேன்னு எடுத்துண்டு ஓடி வந்தேன்..."

"இளைச்சாரா?"

"எங்கே! ஊதிண்டேதான் போனார். தைராய்டா இருக்குமோன்னு எனக்கு ஒரே கவலை. ரத்தம்கூட டெஸ்ட் பண்ணச் சொன்னேன்."

"பிரியாணி ஏதாவது..."

"சிவ சிவா! என்ன பேசறேள் நீங்கோ? அவர் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார்!"

"ஆக்டிங் ஸார்!" என்று கிசுகிசுத்தான் ஷ்யாம்.

"சும்மா இருய்யா. அந்த டயட்டீஷியனுக்குப் போன் போடு."

ஜாதவ்பூரில் இருந்த ஸ்னேகா உடனே எடுத்தாள். சீதாராமன் விஷயத்தைச் சொன்னார்.

"ஓ மை காட்... இன்னிக்குத்தான் ஸார் அங்கிளுக்கு ஹார்ட் போட்டேன்!"

"எதுக்கும்மா?"

"ரெண்டு வருஷமா சுரைக்காய், வெள்ளரிக்காய், மோர்னே எழுதினார். ஒரு போண்டாகூடக் கிடையாது. ஆனா எடை ஏறிட்டே போகும்! எல்லா க்ளையன்ட்டும் இப்படித்தான் ஸார்... யாரும் நிஜத்தை எழுத மாட்டாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா உண்மை! பிரியாணினு பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு."

"பழசெல்லாம் ஆப்ல தெரியுமா?"

"தெரியாது. திறந்தா காலிப் பெட்டிதான் வரும். முந்தின நாள் எழுதினதையே காப்பி அடிக்கறாங்கன்னு, பழசைக் காட்டற வசதியை எடுத்துட்டேன்."

சீதாராமன் போனை வைத்தார். களைத்த கண்களில் லேசாக வெளிச்சம் வந்தது.

"ஷ்யாம்... இதை எழுதினது வெங்கடநாராயணன் இல்லை!"

"என்ன ஸார் சொல்றீங்க?"

"டயட்ல இருக்கிறவன் உயிரே போனாலும் பிரியாணினு எழுத மாட்டான்யா. அனுபவத்துல சொல்றேன். அப்போ எழுதினவன் யாரு? இவர் ஊதினதே தினமும் பிரியாணி சாப்பிட்டுத்தான்... அது அவனுக்குத் தெரியும். ஆப்ல பொய் எழுதறது தெரியாது. மாமிக்கு பிரியாணி விஷயமே தெரியாது. அவங்க எழுதியிருந்தா சுரைக்காய்னுதான் எழுதியிருப்பாங்க!"

"அப்படின்னா ஒரு மணிக்கு இவர் உயிரோட இருந்ததுக்கு..."

"ப்ரூஃபே கிடையாது. கூட உட்கார்ந்து சாப்பிடற பார்ட்னரைக் கூப்பிடு."

மஹாதேவன் வந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னோட ரைட் ஹேண்ட் போன மாதிரி இருக்கு ஸார்..."

"கஷ்டம்தான். ஒரே ஒரு விஷயம்... ஒரு மணிக்கு சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்டதா ஆப்ல எழுதியிருக்கார். இங்கே கூட்டையே காணோமே?"

"சுரைக்காயா? இல்லையே... பிரியாணினுதானே..."

சட்டென்று நின்றது பேச்சு.



"ம்... மேலே சொல்லுங்க," என்றார் சீதாராமன் அலுப்புடன். "பிரியாணினு யார் எழுதினது?"

மஹாதேவனின் முகம் வெளுத்தது. கதவைப் பார்த்தான். அங்கே ஷ்யாம் நின்றிருந்தான்.

"கள்ளச் சரக்கு ஒரு கன்டெய்னர்... பொய் பேப்பர்ல வெளியே எடுத்தேன் ஸார். கண்டுபிடிச்சுட்டான். இன்னிக்கே கஸ்டம்ஸ்ல போய் சொல்லிடுவேன்னு குதிச்சான். காலையிலேயே... கையில கிடைச்சதை எடுத்து அடிச்சுட்டேன். அந்த ஆப் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர்மேலயே ஒட்டி வெச்சிருந்தான். டாக்ல இருந்து என் போன்லயே எழுதினேன்." திடீரென்று குரல் உயர்ந்தது. "தினமும் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவின உடனே சின்சியரா டைப் பண்ணுவான் ஸார்! இவ்வளவு நாளும் பொய்யா எழுதினான் பாவி?"

விஜயலக்ஷ்மி எழுந்து வந்தாள். கொலைகாரனைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த கணவரைப் பார்த்தாள்.

"பிடிக்கலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..." டப்பாவை இறுக்கிப் பிடித்தாள். "வாரத்துல ஒரு நாளாவது உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்ணிப் போட்டிருப்பேனே!"

சீதாராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ அழுகையைப் பார்த்தவர்தான். இதைத் தாங்க முடியவில்லை.

விஜயலக்ஷ்மி திடுக்கென்று நிமிர்ந்தாள்.

"அப்போ டப்பா? சாயங்காலம் துடைச்ச மாதிரி காலியா வருமே!"

மஹாதேவன் தலையைக் குனிந்தான்.

"நான்தான் மன்னி சாப்பிட்டேன். தினமும். கீழே கொட்ட மனசு வரலை."

சீதாராமன் அப்போதுதான் அவனை முழுதாகப் பார்த்தார். ஒட்டிப்போன வயிறு. தொளதொளவென்று தொங்கும் சட்டை. பேன்ட் நழுவாமலிருக்க பெல்ட்டில் புதிதாகக் குத்திய மூன்று ஓட்டைகள்!

விலங்கு மாட்டினார்கள். மணிக்கட்டிலும் தொளதொளத்தது.

படியிறங்கும்போது ஷ்யாம் மெல்லக் கேட்டான்.

"கேஸ் முடிஞ்சுது... இன்னும் என்ன ஸார் யோசனை?"

"மாமியோட டயட் அருமையா வேலை செஞ்சிருக்குய்யா... ஆள்தான் மாறிப்போச்சு!"