அடைத்த வடிகால்

வயல்வேலைக்கு வரும் அங்காளம்மா பிடுங்கிக் காட்டிய நெற்பயிரின் வேர் கன்னங்கரேலென்று இருந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம்.

"இன்னா சார் இது? தண்ணி நின்னுகினே கீது. வடிகாலைத் தொறந்து வுடு சார். மண்ணு மூச்சு முட்டிச் செத்துப்பூடும்."

சுந்தர்சிங் வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். திறக்கமாட்டார். மாடம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த அந்த வயலின் ஓரத்து மேட்டில்தான் மனைவி ரத்தினபாயை அடக்கம் செய்திருந்தார். போதகர் தாம்பரம் கல்லறைத் தோட்டத்தைத்தான் சொன்னார். இவர்தான், அடுக்களை ஜன்னலில் நின்றால் தெரிகிற தூரத்தில் இருக்கட்டும் என்று அடம்பிடித்தார். வடிகால் தண்ணீர் அந்த மேட்டை அரிக்கத் தொடங்கவே, மண்மூட்டை போட்டு அதன் வாயை அடைத்துவிட்டார். அவளுக்கு ஈரம் ஆகாது. ஆஸ்துமாக்காரி. ராத்திரியில் மூச்சு முட்டினால் வாய் திறந்து கூப்பிட வராது. கல்யாண மோதிரத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். சவப்பெட்டியின் இடுக்கெல்லாம் தார் ஊற்றிப் பொட்டுத் தண்ணீர் புகாமல் அடைக்கச் சொன்னதும் அவர்தான்.

அங்காளம்மா போனபின் பேச ஆளில்லை. ஐப்பசி மழை விடாமல் கொட்டி, வயலும் கொல்லையும் ஒரே தண்ணீராகி, பொழுது சாயுமுன்பே இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நாற்றம் கதவிடுக்கு வழியாக அடுக்களைக்குள் வந்து கஞ்சித் தட்டில்கூட உட்கார்ந்துகொண்டது. வெளியே சேறு குமிழிவிட்டது, இழுத்து இழுத்து, அவளுடைய மூச்சிரைப்பு மாதிரியே. இத்தனை மாதமாய் அந்தச் சத்தம் இல்லாமல்தான் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது கேட்டபோது பயமாக இருந்தது.

ஜன்னலில் பார்த்தார். சிலுவையைக் காணோம். மேட்டையும் காணோம்.

மழையில் சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

பின்கதவில் ஏதோ இடித்தது. மறுபடி இடித்தது.

அரிக்கேன் விளக்கோடு திறந்தார். படிக்கட்டில் முட்டியபடி பெட்டி மிதந்துகொண்டிருந்தது.

காற்றடைத்த பெட்டி, மண் இளகினால் மேலே வரத்தான் செய்யும். வகுப்பில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். குனிந்து தடவினார். தார் எங்கும் விரிசல் விடவில்லை.

"வந்துட்டியா ரத்தினம்," என்றார். அழுகை வந்தது.

தண்ணீர் அசையவில்லை. மழையும் நின்றிருந்தது.

மூடிக்குள்ளிருந்து மோதிரம் தட்டியது. அவசரமாக. மூச்சு முட்டும்போது தட்டுவாளே, அதே மாதிரி.