காலியான உப்பு மீன் ஜாடி

விடிந்ததும் விடியாததுமாகக் கஞ்சிக் கிண்ணம் தரையில் உருண்டது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இது கஞ்சியா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றாள் மாமியார்.

மருமகள் குனிந்து துடைத்தாள். எழும்போது நெஞ்சுக்குழியைக் கையால் அழுத்திக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம் தெருவில் அதற்கு நடிப்பு என்றுதான் பெயர்.

மீனுக்கு உப்புப் போடும் கிடங்கு வைத்திருக்கும் குடும்பம். தட்டில் உப்பு மீன் இல்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆண்களுக்குப் புகையும் வேண்டும். மாமனார் வயிற்றுப் புற்றில் போனார். பின்னாலேயே அவர் மூத்த மகன். உப்பும் புகையும் வயிற்றிலிருக்கும் ஒரு கிருமியோடு கூட்டுச் சேர்ந்தால் ஆபத்து, ஒரே வீட்டில் சாப்பிடுகிற எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

மாமியாரையும் புருஷனையும் பிள்ளைகளையும் கெஞ்சி இழுத்துப் போனவள் மருமகள்தான். எல்லோருக்கும் கிருமி இருந்தது. பக்கத்தில் நின்று மாத்திரை விழுங்க வைத்தாள். "உங்களுக்கும்மா?" என்று நர்ஸ் கேட்டபோது மட்டும் சிரித்தாளாம். "நான் வெளியிலேருந்து வந்தவ. இந்த ரத்தம் எனக்கேது?"

வீடே அதை நியாயம் என்றது. கிருமி என்ன, உறவுமுறை விசாரித்தா குடியேறும்?

அதன் பிறகு அவள் சமையலில் உப்புக் குறைந்தது. தெரு அவளுக்குச் 'சப்பை' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தது.

கிண்ணத்தை உருட்டிய கையோடு மாமியார் பரணில் ஒளித்து வைத்திருந்த உப்பு மீன் ஜாடியை இறக்கினாள். காலி.

"எங்களுக்குப் பத்தியம், உன் அம்மா வீட்டுக்கு மீனா? திருட்டுக் கழுதை..."

புருஷனும் அவளையே முறைத்தான். "எங்கடி போச்சு?"

"எங்கயும் போகல. கண்ணுல பட்டா நீங்க தின்னுடுவீங்க... கொட்டவும் மனசு வரல. ஒவ்வொரு ஜாடியும் அப்படித்தான், நானே தின்னு தீர்த்தேன்."

அதற்குமேல் பேச முடியவில்லை. வாந்தி எடுத்தாள். காப்பித்தூள் போலக் கறுத்த ரத்தம்.

ஆஸ்பத்திரியில், இவளுக்கும் வயிற்றுப் புற்று, அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். மீன் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, கிருமியும் உப்பும் வருஷக்கணக்கில் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே சோதித்திருந்தால் என்று தொடங்கியவர், புருஷன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாமியாரே அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சினாள். மருமகளை மடியில் சாய்த்து ஊட்டினாள்.

"என் பிள்ளைக்கு வர வேண்டியத நீ வாங்கிக்கிட்டியேடி... திருடின்னு சொன்ன வாய் புழுத்துப் போகட்டும்."

அரைக் கரண்டி இறங்கியது. மருமகள் மெல்லச் சிரித்தாள். "சப்புனு இருக்கு அத்தை. எனக்கு இனிமே கொஞ்சம் உப்புப் போடலாம்."

புருஷன் உப்பை எடுத்து வந்தான். மாமியார் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"போட மாட்டேன். நீ பொழைக்கணும்."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். பானையில் மிச்சமிருந்த கஞ்சியை, ஒரு கல் உப்புக்கூடப் போடாமல், மாமியார் வழித்து வழித்துக் குடித்தாள்.