இருபத்து நாலு துண்டுத் திமிங்கலம்

ரேடியோ வாக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

"பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு மரத்துல ஒரு படப் புதிர் வேணும். யாராவது செஞ்சு தர முடியுமா?" என்று டீச்சர் கேட்டு முடிக்கவில்லை.

"எங்க வீட்டு மெஷின் செய்யும், டீச்சர்! திமிங்கலம்! இருபத்து நாலு துண்டு! திங்கட்கிழமை கொண்டு வர்றேன்!"

ரேடியோ என்பது சித்தப்பா வைத்த பெயர். வீட்டுச் செய்தி எதுவானாலும் ஊருக்கு முதலில் சொல்வது அவள்தான்.

மெஷின் இருந்தது உண்மை. கம்ப்யூட்டரில் கோடு வரைந்தால் அதே கோட்டில் மரத்தை வெட்டும். அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து பின்னறையில் செய்தது. ஒரே ஒரு குறை, அதன் கத்தி நகராது.

மோட்டார் சுற்றும். கத்தியோ நேராகப் போக வேண்டும். சுற்றுவதை நகர்வதாக மாற்ற நடுவில் ஏதாவது வேண்டும். எது என்பதில் மூன்று வாரமாகச் சண்டை.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். "பல் வெச்ச ரப்பர் பெல்ட்தான். சத்தமில்லாம சர்ருன்னு போகும்."

சித்தப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். "திருகுத் தண்டுதான் அண்ணி. பெல்ட் இழுத்தா நீளும்."

"உங்க திருகு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துடுவேன், தம்பி."

ஆளுக்கு ஒன்று வாங்கியும் வைத்திருந்தார்கள். இரண்டும் அலமாரியில் கிடந்தன.

சனிக்கிழமை காலை ரேடியோ விஷயத்தை உடைத்தாள்.

"யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தே?" என்றாள் அம்மா.

"யாரையும் கேக்கலை," என்றாள் ரேடியோ. "அந்தக் குட்டிப் பசங்க நீல பெயின்ட்கூடக் கலக்கி வெச்சுட்டாங்கம்மா. வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

அம்மாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள். பெல்ட். திருகு. பெல்ட்.

"ஐயோ, போதும்!" என்றாள் ரேடியோ. "ரெண்டையும் மாட்டிப் பாத்துடலாமே. கத்தி வேணாம். பென்சிலைக் கட்டி ஒரு வட்டம் போடச் சொல்லலாம்."

முதலில் பெல்ட். பென்சில் சர்ரென்று ஓடி அழகான வட்டம் போட்டது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

ரேடியோ பென்சில் நின்ற இடத்தில் அதைப் பக்கவாட்டில் விரலால் தள்ளினாள். நகர்ந்தது. அழுத்தித் தள்ளினாள். இன்னும் நகர்ந்தது.

"என்னடி பண்றே?"

"நான்தான்மா மரம். காகிதம் சும்மா இருக்கும். மரம் கத்தியைத் தள்ளுமில்ல?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. சித்தப்பா விசிலடித்துக்கொண்டே திருகை மாட்டினார். மதியம் ஆகிவிட்டது.

திருகு ஆமையாக ஊர்ந்தது. ரேடியோ தள்ளினாள். 'லொடக்' என்று ஒரு முறை ஆடியது. அதன்பின் எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. ஆனால் வட்டம்? ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேரவில்லை. நடுவில் ஒரு அரிசி நுழையும்.

"புதிர்த் துண்டு இப்படி இருந்தா எப்படிப் பொருந்தும்?" என்றாள் அம்மா. சித்தப்பாவின் விசில் நின்றது.

ரேடியோ வெட்டி மிச்சமிருந்த தண்டுத் துண்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மெஷினில் பென்சிலை இழுத்துப் போவதைப் போன்ற ஒரு நட்டு அதிலும் இருந்தது; அதை ஆட்டிப் பார்த்தாள். லொடக். இன்னொரு நட்டைக் கொண்டுவந்து அதோடு சேர்த்து இறுக்கினாள். ஆட்டம் போயிற்று. ஆனால் நட்டுகள் தண்டில் சுற்றவும் மறுத்தன.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். எழுந்து போய் டிவி ரிமோட்டின் மூடியைக் கழற்றினாள்.

"சித்தப்பா, பேட்டரி ஆடாம இருக்க இங்க ஒரு ஸ்பிரிங் இருக்கு. ரெண்டு நட்டுக்கும் நடுவுல ஒண்ணு வெச்சா? ஆடவும் விடாது, சுத்தவும் விடும்."

சித்தப்பா உடனே பட்டறைப் பெட்டியைக் கவிழ்த்து ஸ்பிரிங் தேடினார். இரண்டாவது நட்டு தானாகச் சுற்றாதபடி அம்மா ஒரு தகட்டை வளைத்து மாட்டினாள்.

பென்சில் ஊர்ந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். வட்டம் மூடியது.

"திருகுதான் ஜெயிச்சுது," என்றார் சித்தப்பா.

"ஸ்பிரிங் போட்ட அப்புறம்," என்றாள் அம்மா. "படம் வரையற மெஷின் செய்யும்போது என் பெல்ட்தான். இப்பவே சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெஷின் வெட்டியது. ரேடியோ இருபத்து நாலு துண்டுகளையும் உப்புத்தாளால் தேய்த்தாள்.

திங்கட்கிழமை பாலர் வகுப்பில் ஒரு குட்டிப் பையன் வால் துண்டை எடுத்து அழுத்தினான். 'டக்' என்று உட்கார்ந்தது. உடனே அதைப் பிடுங்கி மறுபடி அழுத்தினான். டக்.

"பிரமாதம்!" என்றார் டீச்சர். "அடுத்த மாசம் ஒரு ஒட்டகச்சிவிங்கி கிடைக்குமா?"

ரேடியோ வாயைத் திறந்தாள். மூடினாள்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன், டீச்சர்."