ஜெசிந்தாவின் புகலறை

நன்னீர் வாரியத்து ஆள் சோதனைக்கு வரும் நாளாகப் பார்த்துப் பவளம் காணாமல் போயிருந்தது.

காலையில் தொட்டியின் துணியை விலக்கிய ஜெசிந்தா, துணி கையிலிருக்க அப்படியே நின்றுவிட்டாள். நேற்று மாலை வரை பழுப்பும் பச்சையுமாக இதழ் விரித்து ஆடிக்கொண்டிருந்த பவளக் கூட்டம் மொத்தமும் வெறும் சுண்ணாம்புக் கூடாக நின்றது. செத்த பவளத்தை அவள் பார்த்திருக்கிறாள். சதை உரிந்து தொங்கும், தண்ணீர் கலங்கும், நாற்றம் குடலைப் புரட்டும். இங்கே தண்ணீர் தெளிந்து கிடந்தது. நாற்றமே இல்லை. குடியிருந்தவர்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை மாட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. எனக்குக் கையி காலு ஓடல."

துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் அவள் கணவன் லியோன், வாயில் பல்துலக்கியோடு வந்தான். தொட்டியைப் பார்த்தான். பல்துலக்கியை வாயிலிருந்து எடுக்கத் தோன்றாமல் நின்றான்.

"செத்துட்டா?"

"செத்திருந்தா பொணம் எங்க?" என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

தூத்துக்குடியில் கிணறெல்லாம் கடலாகிப்போன பிறகு, ஊரைக் காப்பாற்றியது இந்த உப்புண்ணிப் பவளம்தான். ஆய்வுக்கூடத்தில் பிறந்த சாதி அது. கடல் நீரில் உள்ள உப்பைத் தின்று தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு தொட்டி. ஒரு பக்கம் கடல் நீர் ஏறும், மறுபக்கம் பவளச் சல்லடையில் கசிந்து குழாயில் நன்னீராக இறங்கும். தொட்டி நன்னீர் வாரியத்தின் சொத்து. பவளம் உயிரோடு இருக்கும் வரைதான் குடும்பம் ஊரில் இருக்கலாம். செத்துப்போனால் வீட்டைப் பூட்டி உள்நாட்டு முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படிப் பூட்டிய வீடுகள் அந்தத் தெருவிலேயே இருந்தன. பூட்டிய கதவுகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன கோடையில் இதே தொட்டி சாகக் கிடந்தது. பவளத்தோடு தொட்டியில் விட்டிருந்த மீன்களின் கழிவும் தீனி மிச்சமும் சேர்ந்து தண்ணீரில் நைட்ரேட் ஏறி, கண்ணாடியெல்லாம் வழுக்குப்பாசி பிடித்து, பவளம் ஓரம் ஓரமாக வெளுத்தது. கழிவை வாங்கிக்கொள்ள அடித்தொட்டி ஒன்று வேண்டுமென்று வாரியத்தில் கேட்டார்கள். முறைப்படி வருமாம். அந்த முறை வருவதற்குள் தன் மகள் ரொவினாவுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்ட ஜெசிந்தா, தானே கட்ட உட்கார்ந்தாள்.

மீன் ஏலக்கூடத்திலிருந்து மூடி உடைந்த ஐஸ் பெட்டி ஒன்றை லியோன் தூக்கி வந்தான். பழைய சன்னல் கண்ணாடியை அறுத்து உள்ளே தடுப்பு வைத்துப் பசை பூசி மூன்று அறையாக்கினாள். மேல்தொட்டி நிறைந்து வழியும் நீர் குழாய் வழியே முதல் அறையில் விழும். அங்கே நுரைப்பான் அழுக்கை நுரையாக்கி ஒதுக்கும். கடைசி அறையில் மோட்டார், நீரை மறுபடி மேலே ஏற்ற. நடு அறைதான் அவள் கைப்பக்குவம். அடியில் கடல் சேறு, அதன்மேல் உடைந்த கல், கல்லில் கொத்தாகக் கடற்பாசி, பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் பொடி உயிர்கள். மேல்தொட்டி விளக்கு அணையும்போது இந்த அறையின் விளக்கு எரியும். மேலே தூங்கும்போது கீழே வேலை நடக்க வேண்டும்.

ஓடவிட்ட முதல் நாளே மின்சாரம் போனது. ஏற்றுக்குழாய் வழியாக மேல்தொட்டி நீரெல்லாம் தலைகீழாக இறங்கிப் பெட்டி நிறைந்து அடுக்களை முழுக்கக் கடல். லியோன் கட்டிலில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்துகொண்டு, "கடலே வீட்டுக்கு வந்துட்டு. இனி நான் வேலைக்குப் போவாண்டாம்லா" என்றான். நனைந்த பாயை அவன் மேலேயே எறிந்தாள் ஜெசிந்தா. மறுநாள் ஏற்றுக்குழாயில், மேல்தொட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போட்டாள். நீர் கொஞ்சம் இறங்கியதும் துளை காற்றை இழுக்கும், ஓட்டம் அறுந்துவிடும். அதன்பிறகு ஒரு சொட்டு வழியவில்லை.

எதிர்வீட்டு எமல்டா அக்காள் குனிந்து குனிந்து பார்த்தாள். "ஏட்டி, நடுவுல என்னத்துக்கு இந்தப் புல்லுக்காடு?"

"அது புகலறைக்கா. மேல மீனு இருக்கு, பொடி உயிரக் கண்டா முழுங்கிரும். இங்க திங்க வர ஆளு கெடையாது. சூடு கூடாது, கொறையாது. மேல உள்ளது கழிக்கிறது பூரா இங்க சோறு. ஒரு உயிருக்கு வேற என்ன வேணும்?"

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு முறைதான் கை வைக்கக்கூடாத இடத்தில் கை வைத்தாள். தொட்டியைவிட்டு வெளியேறும் நீரும் திரும்பி ஏறும் நீரும் ஊதாக்குழல் என்ற விளக்கைக் கடந்தாக வேண்டும் என்பது வாரியத்து விதி. குடிநீர்க் குழாய்க்கும் அடித்தொட்டிக்கும் சேர்த்து ஒரே ஊதாக்குழல். அதன் ஒளி பட்டால் நீரில் உயிருள்ளது எதுவும் மிஞ்சாது. புகலறையில் பெருகிய பொடி உயிர்கள் மேலேறிப் பவளத்துக்கு இரையாக வேண்டுமே, வழியிலேயே பொசுங்கினால் எப்படி? அவள் அப்பா வலையில் குஞ்சு மீன் ஏறினால் கடலிலேயே உதறிவிட்டு வரும் ஆள். மகளுக்கும் பொடி உயிரைக் கொல்லக் கை வரவில்லை. ஊதாக்குழலைக் கழற்றிப் போட்டாள். லியோன் அதைக் கொல்லைப்புறத்தில் கொசுவுக்குக் கட்டினான்.

பவளம் பிழைத்தது. பிழைத்தது மட்டுமா, தெருவே வேடிக்கை பார்க்கும்படி தழைத்தது. புதுப் படகில் முதலில் பிடிபட்ட மீனை வீடு வீடாகப் பங்கு வைக்கிற தெரு அது. தொட்டி தழைத்தாலும் அதே வழக்கம். முதல் தண்ணீரை ஜெசிந்தா குடத்தில் பிடித்துக்கொண்டு போய் எல்லா வீட்டுக்கும் ஊற்றினாள். எமல்டா அக்காள் தொடங்கித் தெருவில் பாதிப் பேர் அவளைப் பார்த்து ஐஸ் பெட்டி கட்டினார்கள். ஊதாக்குழல்கள் கொசுவுக்குப் போயின.

மழைக்காலம் முடியும்போது தெருவில் சில அதிசயங்கள் நடந்தன. லியோனின் தீராத முதுகுவலி தீர்ந்தது. மாடிப்படியில் உருண்ட ரொவினா, எலும்பு முறிந்திருக்கும் என்று எல்லாரும் ஓடிவருவதற்குள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் குழம்பிலும் யாருக்கும் உப்புப் போதவில்லை. உப்பளத்து ஊரில், அந்தத் தெருக் கடையில் மட்டும் உப்புத் தீர்ந்துபோனது. எல்லாம் நல்ல தண்ணீரின் குணம் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று இசக்கியப்பன் வெயிலோடு வந்து சேர்ந்தார். வாரியத்தின் சோதனையாளர், திருநெல்வேலிக்காரர். "சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரணும்மா, மகளுக்குப் பொறந்தநாளு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். ஜெசிந்தா நேற்றுப் பிடித்து வைத்த பானைத் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து, "ருசியான தண்ணி" என்று இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார். அதன்பிறகுதான் தொட்டியைப் பார்த்தார்.

உயிர்மானியை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். உப்பை இழுக்கும்போது பவளத்தில் எழும் மெல்லிய மின்துடிப்பைக் கேட்டுக் கூவுகிற கருவி அது. கூவவில்லை. பூதக்கண்ணாடியால் கூடுகளைப் பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இது சாகலம்மா. கெளம்பிப் போயிருக்கு."

"போயிருக்கா? அதுக்கென்ன காலா இருக்கு?"

"இருக்குற எடம் பிடிக்கலன்னா, இல்ல அதவிட நல்ல எடம் தெரிஞ்சிட்டுன்னா, ஒவ்வொரு உயிரும் கூட்ட விட்டுட்டுத் தண்ணியில எறங்கிரும். வேற எடத்துல ஒட்டிப் புதுக் கூடு கட்டும். கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும், போனதுக்குப் பதிலாப் புதுசு மொளச்சதால ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மிச்சம் இருந்தது நேத்து ராத்திரி போயிருக்கு."

ஜெசிந்தாவுக்கு உயிர் வந்தது. "அப்ப புகலறைலதான் இருக்கும் சார். அதவிட நல்ல எடம் அதுக்கு எங்க கெடைக்கும்?" அவளே தொட்டியின் அடிக்கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஐஸ் பெட்டிக்குள் உயிர்மானியை நீட்டினார். பாசிக்கு நடுவே பொடி உயிர்கள் துள்ளின. கருவி மௌனமாக இருந்தது.

"ஊதாக்குழல் எங்கம்மா?"

லியோன் கொல்லைப்புறம் பார்த்தான்.

அப்போது ரொவினா பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் முதுகுப்பக்கமாக, கையில் தொங்கிய கருவியை உரசினாற்போலக் கடந்து போனாள். கோயம்புத்தூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து அன்று மாலை ரயிலுக்குக் கிளம்புகிறவள். உயிர்மானி வீல் என்று கூவியது.

இசக்கியப்பன் திரும்பினார். முகம் இறுகியிருந்தது. "பெட்டியத் தொறம்மா. பவளத்த ஊரு எல்லை தாண்டிக் கொண்டுபோனா என்ன தண்டனைன்னு தெரியும்லா?"

"எம்மவ திருடி இல்ல" என்றான் லியோன்.

ரொவினா பேசாமல் பெட்டியைத் திறந்தாள். துணிமணி, புத்தகம், உப்புப் பொட்டலம் ஒன்று. "விடுதிச் சாப்பாட்டுல உப்பே இருக்காதுன்னாவ" என்றாள் கூச்சத்தோடு. உயிர்மானி பெட்டியில் பட்டபோது அடங்கியது. பெட்டியை மூடிய அவள் மணிக்கட்டருகே வந்ததும் மறுபடி கூவியது. அவர் கருவியைக் கையிலிருந்து முழங்கைக்கு, தோளுக்கு, முதுகெலும்புக்கு நகர்த்தினார். கூவல் நிற்கவே இல்லை.

அவர் லியோனின் முதுகில் வைத்தார். கூவியது. ஜெசிந்தாவின் தாடையருகே கொண்டுவந்தார். கூவியது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த எமல்டா அக்காளிடம் நீட்டினார். கூவியது. அவள், "நான் என்னத்த எடுத்தேன்" என்று பயந்துபோய்க் கையை உதறினாள்.

திங்க வர ஆளு கெடையாது. சூடு கூடாது, கொறையாது. கழிக்கிறது பூரா சோறு. எமல்டா அக்காளிடம் தன் வாயால் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக ஜெசிந்தாவுக்குத் திரும்பி வந்தன. மின்சாரம் போனால் புகலறை குளிர்ந்துவிடும், மனுசர் உடம்பு குளிராது. உப்பும் உள்ளேயே ஓடுகிறது. கட்டிக்கொள்ளச் சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை, எலும்பெல்லாம் அதுதானே. பவளத்துக்கு நல்ல வீடு காட்ட வேண்டுமென்று அவள்தான் ஆசைப்பட்டாள். அது அவளைவிட நன்றாகப் பார்த்து எடுத்திருக்கிறது. ஊதாக்குழல் இல்லாத குழாயில் அது இறங்கிய தண்ணீரை அவளே குடத்தில் சுமந்து போய் வீடு வீடாக ஊற்றியுமிருக்கிறாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மகளின் கையைத் தொடப் போய், தொடாமல் இழுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைத் தொடப் பயந்த அந்த ஒரு கணத்தை அவளால் தாங்க முடியவில்லை. உடனே எட்டி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கை எப்போதும் போல வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"என்ன செய்யும் சார் இது, எங்கள?" என்றான் லியோன்.

"தெரியல. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல." இசக்கியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு எதுவும் தெரியாதபோது விதியையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பதுபோல் பேசினார். "தொட்டி செத்ததா நான் சொல்ல முடியாது. பவளம் உசுரோடதான் இருக்கு. ஒங்கள முகாமுக்கு அனுப்ப மாட்டாவ."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஜெசிந்தா கோடை முழுவதும் பசையும் கண்ணாடியுமாகக் கிடந்தாள். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை.

"ஆனா பவளம் எல்லை தாண்டக் கூடாது" என்றார் அவர், ரொவினாவைப் பார்க்காமல். "ரயில் நிலையத்துலயும் எல்லைக் கதவுலயும் இதே கருவி இருக்கு. விடாது."

"எதை சார் விடாது?" என்றாள் ரொவினா. "பவளத்தையா, என்னையா?"

அவர் கருவியை அணைக்காமலே உறையில் போட, இடுப்பருகே கொண்டுபோனார். அது அவர் வயிற்றை நோக்கிக் கூவியது. மெலிதாகத்தான், புதிதாக வந்தது ஒட்ட இடம் தேடுவதுபோல.

இசக்கியப்பன் அசையவில்லை. அவர் பார்வை மேசையில் கவிழ்த்து வைத்த டம்ளருக்குப் போய், அங்கிருந்து வாசலில் நின்ற வாரியத்து வண்டிக்குப் போனது. கைபேசி அடித்தது, எடுத்தார். "அப்பா எப்ப வருவீங்க?" என்று ஒரு சின்னக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் கைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

லியோன் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"சாருக்கும் சேத்து ஒலை வையி."

ஜெசிந்தா எழுந்து உலையில் ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டாள். உப்பு எவ்வளவு போடுவதென்றுதான் தெரியவில்லை.