உடம்புச் சூட்டுக்கு எரியும் விளக்கு

எலக்ட்ரீசியன் சாயங்காலம் நாலரைக்கு இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்து நின்றார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். பின்வாசல் சுவரில் ஏணியைச் சாத்திவிட்டு, பெட்டிகளை அந்த வீட்டுக்கார நர்ஸின் முன்னால் வைத்தார்.

"ரெண்டுமே கேமராவும் லைட்டும் சேர்ந்ததுதான் மேடம். இதுல எது அசைஞ்சாலும் லைட் எரியும். இலை ஆடினா எரியும், மழை பெஞ்சா எரியும். ஒரே வாரத்துல நீங்களே கழட்டி வீசிடுவீங்க. இந்த இன்னொண்ணு உடம்புச் சூட்டைப் பார்க்கும். ஆளோ நாயோ, உயிரோட ஒண்ணு எதிர்ல அசைஞ்சாத்தான் எரியும்."

"உயிர் இல்லாதது வந்தா?"

"அது எதுக்கு மேடம் வரப்போகுது?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "இதையே மாட்டுங்க" என்றாள்.

வேறென்ன செய்வாள், பாவம். தங்கை காணாமல் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. அந்த வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். 'வாலு' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவளை வளர்த்தவள் இந்த அக்காதான். ஏரிக்கரையில் செருப்பு மட்டும் கிடைத்தது. போலீஸ் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டது.

ஆனால் நாலாம் நாளிலிருந்து, பொழுது சாய்ந்ததும், பின்வாசலுக்கு வெளியே வாலுவின் குரல் கேட்கிறது. திறந்தால் ஆள் இல்லை. படி மட்டும் ஈரமாக இருக்கும், பாசி நாற்றம் அடிக்கும்.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் "போயிட்டாங்க" என்று சொன்னவள்தான். தங்கை விஷயத்தில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. இன்றைக்கு விளக்கு எரிந்துவிட்டால் வாலு உயிரோடு இருக்கிறாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

எலக்ட்ரீசியன் மாட்டி முடித்து, கேமராவுக்கு எதிரில் நடந்து காட்டினார். மங்கல் வெளிச்சத்திலும் தோட்டம் பளீரென்றது. திருப்தியோடு கிளம்பிப் போனார்.

ஆறே முக்கால். நன்றாக இருட்டிவிட்டது.

"அக்கா. நான்தான்."

போனில் கேமராப் படத்தைத் திறந்தாள். கறுப்பு வெள்ளையில் வாலு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் போட்டுப்போன அதே உடுப்பு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

விளக்கு எரியவில்லை.

எலக்ட்ரீசியனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "லைட் எரியலைங்க" என்று கிசுகிசுத்தாள்.

"யாரு மேடம் நிக்கிறா?"

"என் தங்கச்சி."

"அசையாம நின்னா எரியாது. கையை ஆட்டச் சொல்லுங்க."

அவள் கதவில் வாயை வைத்தாள். "வாலு, கையை ஆட்டுடி."

படத்தில் வாலு கையைத் தூக்கினாள். மெதுவாக ஆட்டினாள். நன்றாகவே ஆட்டினாள்.

இருட்டு இருட்டாகவே இருந்தது.

"சாமான் கெட்டுப்போச்சு" என்று நர்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இது கெட்டுத்தான் போயிருக்கணும்." தாழ்ப்பாளை இழுத்துவிட்டு வெளியே ஓடினாள்.

விளக்கு சட்டென்று எரிந்தது.

அவளுக்காக எரிந்தது. தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

பின்னால் நகர்ந்து, கதவு நிலைக்கு உள்ளே வந்து நின்றாள். அங்கே நிற்பவரைக் கேமரா பார்க்காது. அரை நிமிஷத்தில் விளக்கு அணைந்தது.

இருட்டிலிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. ஈரக் கை.

"குளிருதுக்கா."

அந்தக் குளிரை அவளுக்குத் தெரியும். வார்டில் தினமும் தொட்டுப் பார்க்கிற குளிர். இருந்தும் கையை உருவிக்கொள்ளவில்லை. போனைப் படியில் வைத்துவிட்டு, அந்தக் கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். கண்ணீர் அதன்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? லைட் எரியுதா?"

"எரியும்" என்றாள் நர்ஸ், தேய்ப்பதை நிறுத்தாமல். "கொஞ்சம் பொறுங்க. இன்னும் கை சூடாகலை."