பின் அறை – ஒன்று

“வீட்டைக் காலி பண்ணுங்க.”

சொல்லவே கூடாது என்று தரகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்த பேச்சு அது. “வாடகையை ஏத்து, தண்ணிக்குச் சண்டை போடு, ஆணி அடிச்சா கத்து. காலி பண்ணுங்கன்னு மட்டும் உன் வாயில வரக் கூடாது தங்கச்சி. ஆள் உள்ள இருக்கிற வீடுன்னுதான் இந்த விலைக்கு வருது” என்றார். அவளும் மண்டையை ஆட்டிவிட்டு, பத்திரம் கைக்கு வந்த ஐந்தாம் நாள், நல்ல வெயில் நேரத்தில், வாசல்படியில் நின்றுகொண்டு அதையே சொன்னாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். குடியிருப்பவர் என்ன பதில் சொல்வார் என்பது அவளுக்கு மனப்பாடம். பத்து நாள் கொடுங்க, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், இந்த மழை விடட்டும் என்று பதினாலு வீட்டுக்காரர்களிடம் அம்மா கெஞ்சியதைப் பின்னால் நின்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

கடிகாரம் ரிப்பேர் செய்யும் அந்தப் பெரியவர் கெஞ்சவில்லை. கண்ணில் செருகியிருந்த லென்ஸ் நழுவி மேசையில் விழுந்து உருண்டது. அதை எடுக்காமல் அவளையே பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

“காலி பண்ணுங்கன்னேன். ஒரு மாசம் டைம் தரேன்...”

“இவளே!” என்று உள்ளே திரும்பிக் கத்தினார். “இங்க வா! வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க!”

அவர் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். “வாயால சொன்னாங்களா?”

“ரெண்டு தடவை.”

அந்த அம்மாள் சிரித்தாள். வீட்டை விட்டு விரட்டப்பட்ட யாரும் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“மாசமெல்லாம் வேணாம்மா. இப்பவே போயிடுறோம்.”

போகவும் ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டிகள் ஏற்கனவே கட்டித் தயாராக இருந்தன. கயிற்றின்மேல் தூசி பஞ்சு மாதிரிப் படிந்திருந்தது. குடிவந்த பதினோரு வருஷமும் அவற்றை யாரும் அவிழ்க்கவே இல்லை போலிருந்தது.

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலைக்குப் போய், கடன் வாங்கி, இந்த வீட்டை வாங்கியது ஆசையில் இல்லை, ஆத்திரத்தில். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று நடந்தது. எட்டு வாரம் போய் முன்வரிசையில் உட்கார்ந்து எழுதினாள். குடியிருப்பவரிடம் உறவு கொண்டாடாதே என்றார்கள். ஆள் இருக்கும் வீட்டை ஒவ்வோர் அறையாகப் பார்க்காமல் வாங்காதே என்றார்கள். காலி செய்யும் நாளில் பொருள் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணு, படம் எடு, பிறகுதான் கையெழுத்து என்றார்கள். நடுவில் உள்ளதில்தான் கோட்டை விட்டாள். அன்று பார்க்க வந்தபோது, பின் அறையில் மனைவி உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாள் என்று பெரியவர் கதவை மறித்து நின்றார். யாரோ மூச்சு விடும் சத்தமும் கேட்டது. சரி, பாவம் என்று திரும்பிவிட்டாள். அதே நேரம் அந்த மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை, இப்போதுதான், ஈரக் கையைப் பார்த்ததும்தான் அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததை உடனே ஒதுக்கினாள். அம்மாவுக்கு அல்லவா போன் பண்ண வேண்டும்.

அம்மா இருந்த வாடகை வீட்டில் வீட்டுக்காரர் மூன்று நாளாகத் தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தார்.

“இன்னைக்கேவாடீ?”

“இன்னைக்கே. சாமானை வண்டியில ஏத்தும்மா.”

“சாவியை அந்தாளு மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வரட்டா?”

“குறி தவறாம எறி.”

பட்டியல் ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் இருந்தது. நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் கறுத்து வீங்கியிருந்தது. அடியில் முன்பு குடியிருந்தவர்களும் முன்பு சொந்தம் கொண்டாடியவர்களும் போட்ட கையெழுத்துகள், இடம் போதாமல் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்றன. பெரியவர் முன்னால் நடக்க, அவள் பேனாவோடு பின்னால் போனாள். ஃபேன் மூன்று. குழாய் ஐந்து. சாவி நான்கு. சுவர் முழுக்கக் கடிகாரங்கள் தொங்கின. ஐம்பதாவது இருக்கும், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, எதுவும் சரியான நேரம் காட்டவில்லை, ஆனால் டக் டக்கென்று அந்த வீடே ஆயிரம் கால்களால் நடந்துகொண்டிருப்பது போல ஒரு சத்தம் கூரைவரைக்கும் நிரம்பியிருந்தது.

“வீட்டுக்குள்ள எதுக்கு சார் இத்தனை?”

“சத்தத்துக்குத்தாம்மா” என்றார் அவர், ஒன்றைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டே.

பட்டியலின் கடைசி வரி: பின் அறை – ஒன்று.

“ஒண்ணுன்னா என்ன, கட்டிலா?”

“கட்டில் எங்களோடது. வண்டியில ஏத்தியாச்சு.”

“அப்ப உங்களைத்தான் எண்ணியிருக்காங்களா?”

“நாங்க ரெண்டு பேரும்மா.” அவர் பின் அறைக் கதவைப் பார்க்காமல், குரலை இறக்கிச் சொன்னார். “நாங்க வரும்போதும் ஒண்ணு இருந்துச்சு. போகும்போதும் இருக்கு. கணக்குச் சரி. கையெழுத்துப் போடுங்க.”

கிழவருக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தாள். போட்டாள்.

வாசலில் அவர் மனைவி அவள் கையைப் பிடித்தாள். “நாங்களா எத்தனையோ தடவை கிளம்பிப் பாத்தோம்மா. தெருமுனை தாண்ட விடாது. வீட்டுக்காரங்க வாயால சொன்னாத்தான் விடும். நீ நல்லா இருக்கணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வீட்டைக் காலியா மட்டும் போட்டுடாதே” என்றாள். கடைசிக் கடிகாரத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. வீட்டுக்குள் வந்தாள். இவ்வளவு நேரம் காதை நிறைத்திருந்த அந்த டக் டக் போன இடத்தில், கடிகாரம் தொங்கிய ஒவ்வோர் இடத்திலும் வெளுத்த வட்டம் வட்டமாகச் சுவர் விழித்துக்கொண்டிருந்தது. மாலை வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. அந்த அமைதிக்கு அடியில், முதலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரோ என்று நினைக்கும்படி, மெதுவாக, சீராக, அவசரமே இல்லாமல் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின் அறைக் கதவைத் திறந்தாள்.

ஒன்றும் இல்லை. நாலு சுவர், பக்கச் சந்து வழியாகத் தெரு தெரியும் ஒரு கம்பி ஜன்னல். ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை. ஒரு மூலையில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், சுவரில் எண்ணெய்க் கறை. வருஷக் கணக்காகத் தலை சாய்ந்து சாய்ந்து ஏறிய கறை. அதற்கு நேர் கீழே தரை ஒரு தட்டளவு தேய்ந்து பளபளத்தது. குனிந்து தொட்டாள்.

சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன நாற்காலியின் சூடு.

வகுப்பில் சொன்னபடி படம் எடுத்தாள். எல்லாம் கலங்கலாக விழுந்தது. வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். மூச்சு இப்போது கூடத்தில் கேட்டது. சமையலறைக்குப் போனாள். அங்கேயும் கேட்டது. வாசலுக்கு வந்தாள். வெயில் இருந்தது, சைக்கிளில் யாரோ போனார்கள், எதிர் வீட்டில் துணி காய்ந்தது. இடது காதுக்குப் பின்னால் அந்த ஈர வாடை வந்தது. மூச்சு அவள் பின்னங்கழுத்து மயிரை மெல்ல அசைத்தது.

சாவிக்கொத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. தெருமுனையில் கையை விரித்துப் பார்த்தாள். சாவிக்கொத்து உள்ளங்கையில் இருந்தது. சூடாக.

தரகருக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“படிச்ச பிள்ளைதானே நீ? ஒரு பேச்சு கேக்கக் கூடாதா?”

“அண்ணே, என்னண்ணே இது?”

“தெரியாது. யாராவது அங்க குடியிருந்தா அவங்ககூட இருக்கும். வீடு காலியானா, யாருக்குச் சொந்தமோ அவங்ககூட வரும். பகல்ல மூச்சு மட்டும்தான். விளக்கு வைக்கிறதுக்குள்ள ஆளை வச்சிடு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன்தான், ஒரு காலத்துல. பதினோரு நாள் தனியா இருந்து பாத்தேன். பன்னெண்டாம் நாள் என் தம்பியைக் குடிவச்சேன்.”

“தம்பி?”

“போயிடுறேண்ணே, ஒரு வார்த்தை சொல்லுண்ணேன்னு மூணு தடவை கேட்டான்.” அவர் தொண்டையைச் செருமினார். “நான் சொல்லல. அப்படியே வித்துட்டேன்.”

போன் நின்றது. வெயில் மதிலுக்கு ஏறிவிட்டது. இன்னும் முக்கால் மணி நேரம். இந்தத் தெருவில் அவளுக்கு யாரைத் தெரியும்? அவள் நாக்குக்குப் பயந்து ஆபீசில்கூட ஒருத்தரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். தானே இருந்துகொள்ளலாம். இருக்கலாம்தான். அதை நினைத்த மாத்திரத்தில், கேட்டுக்கொண்டிருந்தது போல, அவள் தலையில் ஏதோ மெதுவாக வந்து சாய்ந்தது. இன்னொரு தலையின் கனம்.

வாசல்படியில் உட்கார்ந்தாள். பட்டியலைப் பிரித்தாள். குடிவருபவர் என்ற இடத்தில் ஒரு பெயரை எழுதினாள். பேனா நடுங்கவில்லை.

வண்டி வந்தது. அம்மா முன் இருக்கையிலிருந்து ஒரு பக்கமாக இறங்கினாள், கையில் பிளாஸ்டிக் வாளியோடு.

“சரியா நெத்தியில பட்டுச்சுடீ!” என்றாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். சுவரைத் தொட்டாள், அது யாருடையதோ என்று பயந்து தொடுவது போல. “ஆணி அடிக்கலாமா?”

“எத்தனை வேணாலும் அடி.”

“ஏன்டீ மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“என்ன இது?”

“சும்மா. வீட்டுல என்னென்ன இருக்குன்னு பட்டியல்.”

அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு கையெழுத்துதான். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, ராத்திரி ராத்திரியாகக் கையைப் பிடித்து அவள் சொல்லிக் கொடுத்தது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, கோணாமல், பெருமையாகப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. படிக்கத்தான் மகள் இருக்கிறாளே.

கடைசிச் சுழி முடிந்தது. காதுக்குப் பின்னால் மூச்சு நின்றது.

“பின்னாடி ரூம் உனக்கும்மா.”

“எனக்கா? எனக்கு மட்டுமா?” ஆயுசு முழுக்க அடுப்புப் பக்கத்தில் படுத்தவள் அவள். தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனாள். தரையில் உட்கார்ந்து பார்க்கும் சத்தம் கேட்டது. “ஐயோ, எவ்வளவு கதகதப்பா இருக்கு! வந்து பாரேன்டீ!”

“பால் வாங்கிட்டு வரேன்.”

“சீக்கிரம் வா. இருட்டுது.”

செருப்பைப் போட்டாள். பையை எடுத்தாள். பையில் அடையாள அட்டைகள், பத்திரம், சாமான் வண்டியிலிருந்து எடுத்த ஒரு செட் துணி எல்லாம் இருந்தன. அவற்றை எப்போது எடுத்து வைத்தாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சாவிக்கொத்தை வாசலில் வைத்தாள். இந்தத் தடவை அது வைத்த இடத்திலேயே இருந்தது.

வெளிக்கதவைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். கழுத்து லேசாக இருந்தது. இரண்டே வார்த்தை. காலி பண்ணு. ஜன்னல் பக்கம் நின்று சொன்னால் போதும். மதியம் முன்பின் தெரியாத ஒருவரிடம் என்ன திமிராகச் சொன்னாள். இப்போது அந்த வார்த்தை தொண்டையில் இருந்தது. விழுங்கினாள்.

“பாத்துப் போடீ!”

திரும்பாமல் போயிருக்கலாம். திரும்பினாள்.

பின் அறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். வலது கையால் ஒரு கம்பியைப் பிடித்திருந்தாள். இடது கையால் இன்னொரு கம்பியைப் பிடித்திருந்தாள்.

அம்மாவின் தோளுக்கு மேலிருந்து நீண்ட கை, அவளுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது.

அவள் நடந்தாள்.