பன்றி கத்தவில்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பல் வலித்தால் மாத்திரை, தூக்கம் வராவிட்டால் மாத்திரை, தூக்கம் வந்தாலும் மாத்திரை. பெற்ற மகனை அடக்கத் தெரியாதவன்தான் நர்ஸைக் கூப்பிடுவான் என்பது கிழவன் தொவாதெரின் கட்சி.

முப்பது வயது மகன் வியோரெல், தன்னைக் கொல்லப்போவதாகச் சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அலறி, நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து, செப்டம்பரில் வீடு திரும்பியிருந்தான். தினம் ராத்திரி ஒன்று கொடுங்கள் என்று நர்ஸ் வெதூரியா கிழவன் கையில்தான் மாத்திரைகளை ஒப்படைத்தாள். அதைத் தின்ற பையன் மதியம்வரை எழவில்லை. கோடரி பிடித்த கை நடுங்கியது. தொவாதெர் மூன்று வாரம் பொறுத்தான். பிறகு மாத்திரைக்குப் பதில் ராத்திரிதோறும் மகனுக்கு ஒரு குவளை பிளம் சாராயம். நர்ஸ் டிசம்பரில் மாத்திரையை எண்ணிப் பார்க்க வருகிறாள் என்றதும், மிச்சமிருந்த டப்பாக்களை முந்தின நாள் பன்றியின் கழனித் தொட்டியில் கவிழ்த்தான்.

மறுநாள் பன்றி அறுக்கும் நாள். காலையில் தொழுவத்துக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது: பன்றி கத்தவில்லை. அன்றைக்குக் கத்தாத பன்றி கிடையாது. கத்தியை முன்னாலேயே கனவில் கண்டுவிடும் என்பார்கள். ஊறிய வைக்கோலின் புளித்த வாடையும், முற்றத்தில் அண்டாத் தண்ணீர் கொதிக்கும் புகையும், எங்கோ பலகை இடுக்கில் காற்று விசிலடிக்கிற ஓசையும் ஒன்றாய்க் கலந்து மூச்சை அடைக்க, நூற்றெண்பது கிலோ உடம்பு மூலையில் எச்சில் ஒழுக நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வியோரெல் பார்ப்பதுபோலவே.

"அப்பா."

மகன் பனியில் வெறுங்காலோடு நின்றான்.

"மாத்திரையக் குடுப்பா. சத்தம் திரும்பி வந்துடுச்சு. பயமா இருக்கு."

"சத்தமாவது கித்தமாவது! வந்து காலப் பிடிடா."

"வெதூரியா அக்காகிட்டக் கூட்டிட்டுப் போப்பா."

"அவளே வருவா. அதுக்குள்ள கறி வெந்துடும்."

உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு நிக்கிஃபோர் சிரித்தான். "அண்ணே, இவன் பன்னிமேல இரக்கப்படுறான். இரக்கப்படுறவன் நின்னா அது லேசுல சாகாது. வீட்டுக்குள்ள அனுப்புங்க."

"நிக்கட்டும். ரத்தத்தப் பாத்தா மண்டை தெளியும்."

முற்றத்துக்கு இழுத்து வந்து சாய்த்தார்கள். பன்றி திமிறவில்லை. கழுத்து மடிப்பில் கத்தி இறங்கியது, கைப்பிடிவரை. ரத்தம் ஆவி பறக்கச் சட்டியில் நுரைத்தது. பன்றி வாயே திறக்கவில்லை.

கத்தியது வியோரெல்.

அது மனிதக் கத்தல் இல்லை. எழுபது வருஷமாய் ஒவ்வொரு டிசம்பரும் தொவாதெர் கேட்ட அதே கத்தல். கத்தியைத் திருகினான். கத்தல் ஏறியது. உருவினான். இறங்கியது.

நிக்கிஃபோர் பன்றியின் காலை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "போதும்ணே!"

"நரம்பு அறுபடல."

குத்தினான். மறுபடியும். மறுபடியும். பன்றி எப்போதோ செத்துவிட்டது. கத்தல் நிற்கவில்லை. வியோரெல் பனியில் உருண்டான். பத்து விரலும் கழுத்தில். அதே இடத்தில். நகத்துக்கடியில் சிவப்பு.

தொவாதெரின் கையில் கத்தி சூடாக இருந்தது. மகனின் கழுத்து மடிப்பைப் பார்த்தான். சரியாக ஒரு குத்து. நின்றுவிடும். ஓரடி வைத்தான்.

வாசல் கதவு இடிபட்டது. வெதூரியா. பையை எறிந்துவிட்டு ஓடிவந்து, கத்திக்கும் வியோரெலுக்கும் நடுவே மண்டியிட்டாள்.

"வியோரெல், நான்தான் வெதூரியா. உனக்குக் கேக்குது, தெரியும். பயமாத்தான் இருக்கும். நான் எங்கயும் போகல." அவன் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். "நிக்கிஃபோர், ஆம்புலன்ஸுக்குப் போன் போடு." பிறகு திரும்பாமலே, "மாத்திரை குடுத்தீங்களா பெரியவரே?"

"பன்னிக்குக் குடுத்தேன்."

அவள் இப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள். "இவன் திரும்பவும் தேறுவான். ஆனா உங்க கையில இனி விடமாட்டேன். கத்தியக் கீழ போடுங்க."

"மாத்திரதாண்டி இவன இப்படி ஆக்குச்சு."

வியோரெல் அவள் மடியில் தலைசாய்த்தான். விரல்கள் தளர்ந்தன. உதடுகள் மூடின.

கத்தல் நிற்கவில்லை.

தொவாதெர் பன்றியைப் பார்த்தான். அதன் வாயும் மூடித்தான் இருந்தது. நிமிர்ந்தான். நிக்கிஃபோர், வெதூரியா, வியோரெல், மூன்று பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கொன்றுமில்லை என்று சொல்ல நினைத்தான். வாயில் கத்தலைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. எல்லாம் அந்த மாத்திரையின் வேலை. காறித் துப்பவும் முடியாமல், கத்தியோடு, தாடையிலிருந்து எச்சில் ஒழுக, பனிச்சாலையில் இறங்கி நடந்தான்.